ஜானி கேஷ்: கன்ட்ரி கேட்காதவர்களையும் இழுப்பது எது?

கம்பிக்காரன்:
கன்ட்ரி எனும் அமெரிக்க கிராமிய இசை பக்கமே போகாத மெட்டல் ரசிகர்களும் ஃபோக் ரசிகர்களும், அதன் பாடகர் ஜானி கேஷ் என்றால் மட்டும் நின்று கேட்கிறார்கள். அந்தக் கனத்த குரல்தான் காரணமா? இன்னொரு கேள்வி: ஐம்பதுகளில் வந்த அவர் பாடல்களின் ரயில் தாளத்தை டிரம்ஸ் இல்லாமல் ஓர் அகூஸ்டிக் கிட்டாரில் கொண்டுவர முடியுமா? எப்படி வாசித்தாலும் வெறும் ஸ்ட்ரம்மிங்காகவே கேட்கிறது.

தாளக்கட்டு:
குரலுக்குச் சமமாக அந்தத் தாளமும் ஒரு காரணம். 1955இல் சன் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் பதிவு செய்தபோது கேஷுடன் இருந்தவர்கள் இரண்டே பேர்: எலெக்ட்ரிக் கிட்டாரில் லூதர் பெர்கின்ஸ், பேஸில் மார்ஷல் கிராண்ட். டிரம்மர் 1960இல்தான் நிரந்தரமாகச் சேர்ந்தார். யாரும் குரலை முட்டுவதில்லை, ஒரு சொல்கூட மறைவதில்லை. பாட்டில் உள்ள கதை முழுசாகக் காதில் விழுகிறது.

வாசிக்கும் முறை: நான்கு வரை எண்ணிக்கொண்டே, ஈ மேஜர் கார்டு பிடித்து, 1இல் மிகத் தடித்த ஆறாவது கம்பி மட்டும். 2இல் மெல்லிய மூன்று கம்பிகளைக் கீழே-மேலே லேசாகத் தடவுங்கள். 3இல் ஐந்தாவது கம்பி, 4இல் மறுபடி தடவல். ஏ மேஜருக்கு முதலில் ஐந்து, பிறகு ஆறு. பி7இல் நடுவிரல் ஐந்தாம் கம்பியின் 2ஆவது ஃபிரெட்டிலிருந்து (கழுத்தில் உள்ள கட்டம்) ஆறாம் கம்பியின் அதே ஃபிரெட்டுக்குத் தாவ வேண்டும். பெரும்பாலும் தாளம் அங்கேதான் இடறும். அதை மட்டும் தனியாக, மெட்ரோனோம் என்ற தாளக் கருவியை நிமிடத்துக்கு 80 தட்டில் வைத்துப் பழகுங்கள்.

வெறும் ஸ்ட்ரம்மிங்காகக் கேட்பது ஆறு கம்பியையும் ஒரே பலத்தில் அடிப்பதால்தான். உள்ளங்கை ஓரத்தைப் பிரிட்ஜ் (கிட்டார் உடலில் கம்பிகளைத் தாங்கும் கட்டை) மேல் வைத்துத் தடித்த பேஸ் கம்பிகளை லேசாக அமுக்குங்கள். கை முன்னால் நகர்ந்தால் சுருதியே செத்துவிடும்.

பழைய இசைத்தட்டு:
தாளம் சரி, ஆனால் அவர் யாருக்காகப் பாடினார் என்பதை விட்டுவிட்டால் பாதி பதில்தான். 1964இல் அமெரிக்கப் பூர்வகுடிகளின் துயரத்தை ஒரு முழு ஆல்பமாகவே பாடினார். வானொலிகள் ஒதுக்கியபோது பில்போர்டு இதழில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து வானொலிக்காரர்களைத் தட்டிக்கேட்டார். 1968 ஜனவரி 13 அன்று ஃபோல்சம் சிறையில் கைதிகள் முன் பாடிப் பதிவு செய்தார். 1969இல் தொடங்கிய தன் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு பாப் டிலனை அழைத்தார். அடுத்த ஆண்டு லூயி ஆம்ஸ்ட்ராங் வந்தார். ஃபோக், ஜாஸ் ரசிகர்கள் அவரிடம் வந்தது இப்படித்தான்.

மெட்டல் ரசிகர்களுக்கான வாசல் 1994இல் திறந்தது. ஸ்லேயர் என்ற மெட்டல் குழுவின் தயாரிப்பாளரான ரிக் ரூபின், கேஷின் குரலையும் ஒற்றைக் கிட்டாரையும் மட்டும் வைத்து ஓர் ஆல்பம் செய்தார். புதிதாகக் கேட்பவர் அதில் தொடங்கி, ஃபோல்சம், பிறகு சன் பதிவுகள் என்று பின்னோக்கிப் போவது நல்லது.

கம்பிக்காரன்:
மிக்க நன்றி. கேஷ் கம்பிகளுக்கு இடையில் காகிதம் செருகுவார் என்கிறார்களே, அது செய்தால் ஒரே இரைச்சலாக வருகிறது.

தாளக்கட்டு:
உண்மைதான், டிரம்ஸ் இல்லாத குறைக்கு ஸ்னேர் டிரம்மின் சரசரக்கும் ஓசை வரட்டும் என்று செய்தது. சாதாரண எழுதும் தாளை விரல் அகலத்துக்கு நீளவாக்கில் மடித்து, ஒரு கம்பிக்கு மேல், அடுத்ததற்குக் கீழ் என்று பின்னிச் செருகுங்கள். பிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருக்கட்டும்; நடுவில் வைத்தால் கம்பி அதிக அகலத்துக்கு அதிர்ந்து காகிதத்தை உதறும், இரைச்சல் அதனால்தான். அட்டை வேண்டாம், சுருதியை அடைத்துவிடும். டிஷ்யூ சத்தமே தராது.