ராமென் கடையில் பன்றி இறைச்சியை மட்டும் விலக்கிச் சாப்பிடலாமா?

கேள்வி (கல்லடி)

வைகாசி மாதத்தில் அலுவலகப் பயிற்சிக்காக யப்பான் செல்லவிருக்கிறேன். டோக்கியோவில் ஐந்து நாட்களும் ஃபுக்குவோக்காவில் மூன்று நாட்களும் தங்க வேண்டும். காத்தான்குடியைச் சேர்ந்த நண்பர் ஒருவரும் என்னுடன் வருகிறார். மலிவாகவும் விரைவாகவும் வயிறு நிறையச் சாப்பிடுவதற்கு, சூடான சாற்றில் நூடில்ஸ் போட்டுத் தரும் ராமென் கடைகளே ஏற்றவை என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். நான் மீனும் கோழியும் உண்பேன், மாடும் பன்றியும் உண்பதில்லை. எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் நாட்களில் மரக்கறி மட்டுமே. நண்பருக்கோ ஹலால் உணவு அவசியம். மேலே வைக்கப்படும் பன்றி இறைச்சித் துண்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மிச்சத்தை உண்ணலாமா?

பதில் (அக்கரைப்பற்று)

தம்பி, துண்டை விலக்கினால் போதாது; ராமெனின் உயிர் அதன் சாற்றில்தான் இருக்கிறது. ஃபுக்குவோக்காவில் புகழ்பெற்ற ஹக்காட்டா ராமெனுக்குப் பன்றி எலும்பைப் பல மணி நேரம் கொதிக்க வைத்து, அதிலுள்ள கொழுப்பெல்லாம் கரைந்து சாறு வெண்மையாகும் வரை காய்ச்சுவார்கள். பார்வைக்கு அது நம் வீட்டுத் தேங்காய்ப்பால் சொதியைப் போலவே இருந்ததால் முதல் நாளே நான் ஏமாந்துபோனேன். சோயா, உப்பு, மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) என்று பிரித்துச் சொல்லப்படும் பெயர்கள் சுவையூட்டியைக் குறிப்பவையே அன்றி, சாற்றில் எந்த எலும்பு வெந்தது என்பதைச் சொல்வதில்லை. கோழிச் சாற்றிலும் பன்றி எலும்பைச் சேர்க்கும் கடைகள் ஏராளம். எலும்பே இல்லாவிட்டாலும், நம் மாசியைப் போலச் சூரை மீனை வேகவைத்து உலர்த்திய கட்சுவோபுஷி பெரும்பாலும் சேர்ந்திருக்கும். ஆகவே சடங்கு நாட்களில் சாதாரணக் கடைகளுக்குள் நுழையாமல் இருப்பதே நல்லது.

இன்னொரு சிக்கல், பல கடைகளில் வாசலில் நிற்கும் இயந்திரத்தில் முதலில் பணத்தைப் போட்டு, பொத்தானை அழுத்திச் சீட்டு எடுத்த பிறகே சமையற்காரரைப் பார்ப்பீர்கள். கேள்வி கேட்கும் வாய்ப்பு வருவதற்கு முன்பே வாங்கி முடித்திருப்பீர்கள் என்பதால், பொத்தானில் உள்ள எழுத்தைத் தொலைபேசிக் கமெராவால் மொழிபெயர்த்துப் பார்த்த பின்னரே காசைப் போடுங்கள்.

பதில் (சம்மாந்துறை)

சகோதரரே, உங்கள் நண்பருக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். 'பன்றி இல்லை' என்ற அறிவித்தலை ஹலால் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சுவையூட்டும் கலவையில் மிரின், சாக்கே ஆகிய அரிசி மதுவகைகள் சேர்வது வழக்கம். கோழியும் ஹலால் முறையில் அறுக்கப்பட்டதாக இராது. டோக்கியோவின் அசாக்குசாப் பகுதியில் ஹலால் ராமென் கடைகள் இருக்கின்றன. உங்கள் விரத நாட்களுக்கு டோக்கியோ ரயில் நிலையத்தினுள் டீஸ் தன்தன் என்ற கடை உண்டு; அங்கே இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் சேர்ப்பதில்லை. ஆனால் அது பயணச்சீட்டு வாயிலுக்கு உட்புறம் இருப்பதால், ரயிலுக்குப் போகும்போதோ வரும்போதோ சாப்பிடுவது வசதி.

பதில் (பொத்துவில்)

2024 யூலையில் யப்பான் புதிய நாணயத்தாள்களை வெளியிட்டது. பழைய சீட்டு இயந்திரங்கள் சில அவற்றை ஏற்பதில்லை. 1000 யென் தாளுக்கு மேல் ஏற்காதவையும் உண்டு. சில்லறையைக் கையில் வைத்திருங்கள். அறுகம்பையில் ஒரு தேநீரோடு அரை நாள் இருப்பதைப் போல அங்கே இருக்க முடியாது. பின்னால் வரிசை நிற்கும், உண்டு முடித்ததும் எழுந்துவிட வேண்டும். உறிஞ்சும் சத்தத்தை யாரும் குறையாக நினைப்பதில்லை, சந்தோசப் பணமும் வைக்கத் தேவையில்லை.

கேள்வி கேட்டவர்

அண்ணனுக்கும் மற்ற இருவருக்கும் நன்றி. சடங்கு நாட்கள் ஃபுக்குவோக்காவில் தங்கும் நாட்களோடு சேர்ந்து வருவதால், அங்கே ராமென் கடைப் பக்கமே போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அசாக்குசாவுக்கு நண்பரோடு நானும் போகிறேன். ஹலால் கடையில் மாட்டிறைச்சி இருக்கலாம் என்பதால், சாற்றிலும் மேலே வைப்பதிலும் மாடு இல்லையா என்று கேட்டுவிட்டே நான் உண்பேன்.