மாமனாருக்கு எந்தப் பழைய ரயில் நிலையத்தைக் காட்டலாம்?

கேள்வி: அடுத்த மாதம் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு வரும் என் மாமனார் ரயில்வேயில் முப்பது ஆண்டுகள் பணியாற்றியவர். இலவச வழிகாட்டி நடைக்கு அவரைத் தஞ்சோங் பகாருக்கு அழைத்துச் செல்லலாமா, புக்கிட் தீமாவுக்கா?

மறுமொழி: 1932இல் திறக்கப்பட்ட தஞ்சோங் பகாரின் முகப்பில் வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில் ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு பளிங்குச் சிலைகள் உள்ளன, அழகு அங்கேதான். ஆனால் வட்ட ரயில் பாதைக் கட்டுமானத்திற்காக அது மூடப்பட்டதால், உள்ளே அனுமதி உண்டா என்று முதலில் விசாரியுங்கள்.

மறுமொழி: ரயில்வேக்காரருக்குப் புக்கிட் தீமாதான், ஐயா. ஒற்றைத் தடத்தில் எதிரே வண்டி வராது என்பதற்கு உறுதியாக, தோல் பை கோத்த வளையத்தை அங்கே ஓட்டுநரிடம் கைமாற்றுவதை 2011 வரை காண முடிந்தது. நான் வேலி ஓரம் நின்று பார்த்திருக்கிறேன்.

கேட்டவர்: அந்த வளையத்தை மாமனாரும் கையாண்டவர்தான். புக்கிட் தீமாவுக்கே பதிந்துவிடுகிறேன். வழிகாட்டியைப் பேசவிடுவாரா என்பதுதான் ஐயம்.