கலைச்சொல்: ரெசிடெண்ட், பொலிடிகல் ஏஜெண்ட், ரெசிடென்சி ஏஜெண்ட் – தமிழில்?

மடல் 1

அனைவருக்கும் வணக்கம்.

வளைகுடாவின் தென்கரை ஷேக்குகளுக்கும் ஆங்கிலேய அதிகாரிகளுக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தைத் தமிழில் கொண்டுவரும் வேலை நடக்கிறது. ஷார்ஜா, துபாய், அபுதாபி, அஜ்மான், உம் அல் குவைன், ராஸ் அல் கைமா ஆகிய இடங்களைப் பற்றிய, 1971க்கு முந்தைய தாள்கள் அவை. மூன்று பதவிப் பெயர்களில் வந்து முட்டி நிற்கிறோம்: பொலிடிகல் ரெசிடெண்ட் (வளைகுடாவுக்கான ஆங்கிலேயத் தலைமை அதிகாரி), பொலிடிகல் ஏஜெண்ட் (அவருக்குக் கீழ் ஓரிடத்தில் அமர்ந்த ஆங்கிலேய அதிகாரி), ரெசிடென்சி ஏஜெண்ட் (ரெசிடெண்டின் அலுவலகத்துக்காக ஷார்ஜாவில் இருந்த முகவர்). இப்போதைக்கு 'அரசியல் வதிவாளர்', 'அரசியல் முகவர்', 'வதிவக முகவர்' என்று போட்டிருக்கிறோம். படித்துப் பார்த்தவர், 'அரசியல் முகவர் என்றால் தேர்தல் ஏஜெண்டா?' என்று கேட்கிறார். ஒலிபெயர்த்தே விட்டுவிடலாமா?

மடல் 2

> அரசியல் முகவர் என்றால் தேர்தல் ஏஜெண்டா?

கேள்வி நியாயமானது. கோளாறு 'முகவர்' என்பதில் இல்லை, 'அரசியல்' என்பதில் இருக்கிறது. கம்பெனி காலம் தொட்டே இந்திய அரசில் 'பொலிடிகல்' என்றால் சமஸ்தானங்களோடும் அண்டை நாட்டு ஆட்சியாளர்களோடும் உறவைக் கவனிக்கும் துறை. புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குத் திருச்சி கலெக்டர் 'பொலிடிகல் ஏஜெண்ட்' ஆனதும் இந்தப் பொருளில்தான். கட்சி, தேர்தல் என்ற பொருள் இதில் எங்குமே இல்லை. ஆகவே 'அரசுறவு' என்று தொடங்கலாம். அரசுக்கும் அரசுக்கும் உள்ள உறவு என்பது படித்த உடனே புரியும்.

அடுத்து, 'வதிவாளர்'. ரெசிடெண்ட் இந்த ஷேக்குகளின் ஊர் எதிலும் வதியவில்லை. 1763இல் தொடங்கிய அலுவலகம் பாரசீகக் கரையில் புஷேரில் இருந்தது. 1946இல் பஹ்ரைனுக்கு மாறியது. ஷார்ஜாக்காரருக்கு அவர் ஆண்டில் சில தடவை கப்பலில் வந்து போகும் மனிதர். 'வதிவாளர்' என்று எழுதினால் அவர் ஷேக்கின் வாசலிலேயே குடியிருந்த படம் வந்துவிடும். என் பரிந்துரை 'பேராளர்'. ரெசிடெண்ட் 'அரசுறவுப் பேராளர்', அவர் அலுவலகம் 'பேராளகம்'. அப்படியானால் ரெசிடென்சி ஏஜெண்ட் 'பேராளக முகவர்' ஆகிறார். அவர் யாருக்குக் கீழே என்பதும் பெயரிலேயே வந்துவிடுகிறது.

மடல் 3

பேராளர் என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. மாநாட்டுக்கு வருபவரைத்தான் இன்று பேராளர் என்கிறோம். இலங்கையில் ஐ.நா. அலுவலகத் தலைவரை 'வதிவிடப் பிரதிநிதி' என்று எழுதிப் பழகிவிட்டது. 'வதிவிட' என்பதைப் பதவிப் பெயராக மட்டும் எடுத்துக்கொள்ளலாமே, வாழுமிடமாக ஏன் பார்க்க வேண்டும்?

இன்னொன்று. 1892 மார்ச் ஒப்பந்தத்தில் ஷேக்குகள் கொடுத்த உறுதிமொழிகளில் ஒன்று, ஆங்கிலேய அரசின் சம்மதமில்லாமல் வேறு எந்த அரசின் ஏஜெண்டும் தம் நிலத்தில் தங்க விடமாட்டோம் என்பது. அங்கே தங்குவதும் ஏஜெண்டும் ஒரே வரியில் வருகின்றன. அதை எப்படிப் பிரிப்பீர்கள்?

மடல் 4

> அதை எப்படிப் பிரிப்பீர்கள்?

இந்த வரிதான் நல்ல உரைகல். 'வேறு எந்த அரசின் முகவரும் எம் நிலத்தில் தங்குவதற்கு ஆங்கிலேய அரசின் இசைவின்றி இடங்கொடோம்.' இங்கே ஏஜெண்ட் என்பது பொதுச்சொல்: துருக்கியோ பிரான்சோ ரஷ்யாவோ அனுப்பும் எந்த ஆளும் இதில் அடங்குவார். வெறும் 'முகவர்' போதும். 'அரசுறவு முகவர்' என்று முன்னொட்டுப் போட்டால் அது ஆங்கிலேயப் பதவி. 'வதிவிடப் பிரதிநிதி' என்று வைத்திருந்தால், அடுத்த வரியிலேயே தங்குவதற்கு 'வதிதல்' வந்து, தடை செய்யப்பட்டவரும் தடை செய்தவரும் ஒரே சொல்லில் கலந்துவிடுவார்கள்.

அந்த ஒப்பந்தத்தின் மற்ற இரண்டு உறுதிகளையும் பாருங்கள்: வேறு அரசோடு உடன்படிக்கையோ கடிதத் தொடர்போ வைப்பதில்லை, ஆங்கிலேய அரசுக்குத் தவிர வேறு எவருக்கும் நிலத்தை விற்பதில்லை, அடகு வைப்பதில்லை, குடியேறக் கொடுப்பதில்லை. மூன்றுமே வெளியுறவைக் கட்டுப்படுத்துபவை. ஷேக் தன் குடிகளை எப்படி ஆள வேண்டும், வரி எப்படி வாங்க வேண்டும் என்று அதில் ஒரு சொல் கிடையாது. திருவிதாங்கூரோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். அங்கே ரெசிடெண்டாக இருந்த ஜான் மன்றோ 1811 முதல் 1814 வரை திவானாகவும் இருந்தார், அதாவது உள்நாட்டு நிர்வாகமே அவர் கையில். வளைகுடாவில் அப்படி நடக்கவில்லை. ஆகவே 'ஆட்சியர்', 'ஆளுநர்' இரண்டும் கூடாது. 'தூதர்' என்றால் சமநிலை நாடுகள் என்றாகும், அதுவும் பொருந்தாது. 'பேராளர்' இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மாநாட்டுக் குழப்பத்தை 'அரசுறவு' என்ற முன்னொட்டு தீர்த்துவிடும்.

மடல் 5

பேராளக முகவர் செய்த வேலையைச் சொன்னால் சொல் பொருந்துகிறதா என்று பார்க்கலாம்.

1930களின் கடைசி வரை இந்தக் கரையில் நிலையாக ஓர் ஆங்கிலேய அதிகாரி கிடையாது. ஷார்ஜாவில் இருந்த முகவர் தான் எல்லாம். 1890 முதல் 1919 வரை அப்துல் லத்தீஃப், அடுத்து 1935 வரை அவர் மகன் ஈசா. சம்பளம் சிறிது, சொந்த வணிகம் பெரிது. ஆங்கிலேயக் கொடியின் நிழல் அந்த வணிகத்துக்குப் பாதுகாப்பு. இந்த ஏற்பாட்டின் பலவீனமும் அதுவே: கடன் வழக்கை விசாரித்து எழுதுபவரே சந்தையில் கொடுக்கல் வாங்கல் உள்ளவர். ஆங்கிலேயக் கோப்புகளில் அவர் தரும் செய்தியைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

கடன் வழக்கு எப்படி நகரும் என்றால்: சிந்து, கட்ச் பக்கத்து வணிகர்கள் துபாயிலும் ஷார்ஜாவிலும் முத்துக்குளிப்பவர்களுக்கு அரிசி, துணி, முன்பணம் கொடுப்பார்கள். வாங்குபவர் நகுதா, அதாவது படகின் தலைவர். பருவம் பொய்த்தால் கடன் நிற்கும். வணிகர் ஆங்கிலேயக் குடி என்பதால் கணக்குப் புத்தகத்தோடு முகவரிடம் போவார். முகவர் கோரிக்கையை ஷேக்கிடம் வைப்பார். ஷேக் தன் மஜ்லிஸ் என்ற அவையிலோ, முத்துக்குளிப்பு வழக்குகளுக்கென்றே இருந்த சாலிஃபா என்ற வழக்கு மன்றத்திலோ தீர்ப்பார். கடனாளி அடுத்த ஷேக்கின் ஊருக்கு ஓடிவிட்டால் சிக்கல். அதற்காகவே 1879இல் ஓடிய கடனாளிகளைப் பரஸ்பரம் ஒப்படைக்க ஷேக்குகள் தங்களுக்குள் ஓர் உடன்பாடு செய்தார்கள். அப்போதும் பணம் வரவில்லை என்றால் முகவர் புஷேருக்கு எழுதுவார், ரெசிடெண்டிடமிருந்து ஷேக்குக்குக் கடிதம் வரும், கடைசியில் போர்க்கப்பல் கரையில் நங்கூரமிடும்.

இதில் எந்தப் படியிலும் முகவர் தீர்ப்புச் சொல்லவில்லை. எடுத்து வைக்கிறார், எழுதுகிறார், வலியுறுத்துகிறார். 'முகவர்' சரியான சொல்லே.

அடிமை விடுதலையிலும் இதே ஓட்டம். தப்பி வந்தவரின் வாக்குமூலத்தை முகவர் எழுதி வாங்குவார்: பெயர், வயது, பிறந்த ஊர், பெற்றோர், யார் பிடித்து யாரிடம் விற்றார்கள் என்று. அது மேலே போகும். சான்று பேராளகத்தின் பெயரில் வரும். அந்தத் தாளை 'விடுதலைச் சான்று' என்று மட்டும் எழுதினால் சிறைவிடுதலை நினைவுக்கு வரும்; 'அடிமை விடுதலைச் சான்று' என்று முழுதாக எழுதுங்கள்.

மடல் 6

பழைய தாள்களில் இதே ஷார்ஜாக்காரரை 'நேட்டிவ் ஏஜெண்ட்' என்கிறார்களே, அதற்கு 'உள்ளூர் முகவர்' போடலாமா?

மடல் 7

வேண்டாம். அங்கே 'நேட்டிவ்' என்றால் ஐரோப்பியர் அல்லாதவர் என்று பொருள், அந்த ஊர்க்காரர் என்று பொருளல்ல. பஹ்ரைனில் தொடக்க காலத்தில் இந்து வணிகர்களும் அந்தப் பதவியில் இருந்தார்கள். 'சுதேச முகவர்' என்றால் சுதேசி இயக்கம் குறுக்கே வரும். 'நாட்டு முகவர்' என்று வையுங்கள். 'நாட்டுக் கிறிஸ்தவர்' என்று அக்காலத் தமிழில் இருந்த வழக்கோடு ஒத்துப்போகும். காலவேறுபாடு தெரிய வேண்டுமானால் மூலத்தில் எந்தப் பெயரோ அதற்குரிய சொல்லையே போடுங்கள், ஒன்றாக்கிவிடாதீர்கள்.

பதவிப் பெயர் மாறும்போது அதிகாரமும் மாறியது. 1910 டிசம்பரில் துப்பாக்கிக் கடத்தலைத் தேடி ஹயசிந்த் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலின் வீரர்கள் துபாயில் இறங்கிச் சண்டை மூண்டது. அபராதமாக 400 துப்பாக்கிகள் கேட்கப்பட்டன. துபாயில் ஓர் ஆங்கிலேயர் ஏஜெண்டாக அமர வேண்டும் என்ற கோரிக்கையும் கூடவே வந்தது, அது நிறைவேறவில்லை. அன்று ஷேக்கும் ஊராரும் 'ஏஜெண்ட்' என்ற சொல்லுக்கு அஞ்சியது, ஷார்ஜாவில் இருந்த அரபு வணிகரைப் போன்ற முகவருக்காக அல்ல. மொழிபெயர்ப்பில் இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் அந்த எதிர்ப்பே புரியாது. அங்கே 'அரசுறவு முகவர்', ஷார்ஜாவில் இருந்தவர் 'பேராளக முகவர்'.

மடல் 8

சட்டப் பக்கத்திலிருந்து ஒரு குறிப்பு. மடல் 5இல் 'முகவர் தீர்ப்புச் சொல்லவில்லை' என்றது பேராளக முகவருக்கு மட்டுமே பொருந்தும். 1946இல் ஆங்கிலேய அரசு பிறப்பித்த ஆணைக்குப் பின் இந்தக் கரையில் வெளிநாட்டார் மீதான வழக்குகள் ஆங்கிலேய நீதி அதிகாரத்துக்குக் கீழ் வந்தன. ஷேக்கின் குடிகள் ஷேக்கிடமே இருந்தார்கள். 1953இல் ஷார்ஜாவிலிருந்த பொலிடிகல் ஆபிசர் பதவி பொலிடிகல் ஏஜெண்டாக உயர்ந்து, அலுவலகம் 1954இல் துபாய்க்குப் போனது. 1961இல் அபுதாபிக்கும் தனி ஏஜென்சி, அதாவது முகமை. இந்தக் காலத்து ஏஜெண்ட் நீதிபதியாகவும் அமர்ந்தார். அதற்காகப் பதவிப் பெயரை மாற்ற வேண்டாம். வழக்குத் தாள்களில் 'முகமை நீதிமன்றம்' என்று தனியாகச் சொல்லிவிடலாம். பொலிடிகல் ஆபிசர், 'அரசுறவு அலுவலர்'.

மடல் 9

இந்த ஷேக்குகளின் நாடுகளுக்கு ஆங்கிலத்தில் இருந்த பொதுப்பெயரான 'ட்ரூஷியல் ஸ்டேட்ஸ்' என்பதையும் இதோடு முடித்துவிடலாமா? 'போர்நிறுத்த நாடுகள்' என்று ஒரு வரைவில் இருக்கிறது.

மடல் 10

அது தவறான படத்தைத் தரும். 1835இல் செய்தது முத்துக்குளிப்புப் பருவத்துக்கான ஆறு மாதக் கடல் அமைதி. ஆண்டுதோறும் புதுப்பித்து, 1843இல் பத்தாண்டுக்கு நீட்டி, 1853இல் நிரந்தரமாக்கினார்கள். தடை கடலுக்கு மட்டும். தரையில் ஷேக்குகள் மோதிக்கொண்டே இருந்தார்கள். துபாயும் அபுதாபியும் 1945 முதல் 1948 வரை சண்டையிட்டன. 'போர்நிறுத்த நாடு' என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்தில் போர் நடந்தது என்று எழுத முடியாது. 'கடலமைதி நாடுகள்' என்பது என் பரிந்துரை. 1853 ஒப்பந்தம், 'நிரந்தரக் கடலமைதி ஒப்பந்தம்'. 'கடற்சந்து' என்று எழுதலாமென ஒருவர் தனிமடலில் சொன்னார். சந்து என்பதற்குச் சமாதானம் என்ற பழம்பொருள் இருந்தாலும் ஹோர்முஸ் நீரிணை பக்கத்திலேயே இருப்பதால் நீரிணை என்றே படிப்பார்கள்.

'அமீரகம்' 1971 டிசம்பர் 2க்குப் பிறகு மட்டும். அதற்கு முன் 'ஷேக்ககம்'.

மடல் 1 எழுதியவர்

மிக்க நன்றி. 'வதிவாளர்' எல்லா இடத்திலும் நீங்குகிறது. அரசுறவுப் பேராளர், பேராளகம், அரசுறவு முகவர், முகமை, அரசுறவு அலுவலர், பேராளக முகவர், நாட்டு முகவர், கடலமைதி நாடுகள் என்று பட்டியலில் ஏற்றிவிட்டேன். ஒவ்வொரு கோப்பிலும் முதல் தடவை வரும் இடத்தில் ஒலிபெயர்ப்பும் பக்கத்தில் இருக்கும். தேடுபவர் 'ரெசிடெண்ட்' என்றுதான் தேடுவார்.

ஒன்று மட்டும் மிச்சம். 1936இல் ஓமான் வளைகுடாக் கரையிலுள்ள கல்பாவைத் தனி ஷேக்ககமாக ஏற்றுக்கொண்ட கடிதத்தில் அவசர விமான இறங்குதளம் பற்றி வருகிறது. 'இறங்குதளம்' என்றால் ஓடுபாதையும் கட்டடமும் நினைவுக்கு வருகின்றன; அது வெறும் சமன் செய்த தரை. 'இறங்குதிடல்' சரியா?