வன்குற்ற ஆய்வில் உள்ளகப் பயிற்சி: கோப்பு படிக்கும் வேலையை ஏற்கலாமா?

கேள்வி (இறுதியாண்டு மாணவி):
குற்றவியல் இளங்கலை படிக்கிறேன். கொலை வழக்குகளை ஆராயும் ஒரு குழுவில் எட்டு வார உள்ளகப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. முடிந்துபோன வழக்குகளின் கோப்புகளைப் படித்து, குறிப்பிட்ட விவரங்களை அட்டவணையில் பதிவதுதான் வேலை. குற்றம் நடந்த இடத்துக்குச் செல்வதோ விசாரணையில் உடனிருப்பதோ கிடையாது. இது வெறும் எழுத்தர் வேலை என்கிறார்கள் உடன் படிப்பவர்கள். நாள்தோறும் இத்தகைய கொடுமைகளைப் படித்தால் மனம் தாங்குமா என்ற அச்சமும் எனக்கு உண்டு. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி (ஆய்வு உதவியாளர்):
தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1948 முதல் 1952 வரை கொல்லப்பட்ட 588 பேரின் காவல்துறைக் கோப்புகளை குற்றவியலாளர் மார்வின் வுல்ஃப்கேங் ஒவ்வொன்றாகப் படித்ததால்தான், அவற்றில் 150 வழக்குகளில், அதாவது ஏறத்தாழ 26 சதவீதத்தில், முதலில் தாக்குதலில் இறங்கியவர் இறந்தவரே என்பது தெரியவந்தது. கோப்பைப் படிப்பதே இத்துறையின் களப்பணி.

நான் பயிற்சியில் சேர்ந்த இரண்டாம் வாரத்தில் ஒரு கோப்பு வந்தது. முதல் பக்கத்தில் 'பணத் தகராறு' என்று இருந்ததால் நோக்கம் என்ற கட்டத்தில் அதையே பதிந்தேன். அதே கோப்பைத் தனியாகப் படித்த இன்னொரு மாணவர் 'குடும்ப வன்முறை' என்று பதிந்திருந்தார். பிரேதப் பரிசோதனை அறிக்கையை மீண்டும் எடுத்துப் பார்த்தபோது, ஆறிப்போன பழைய எலும்பு முறிவுகள் பற்றி ஒரு வரி இருந்தது. நான் அதைக் கடந்து போயிருக்கிறேன். ஒரே கோப்பை இருவர் தனித்தனியே பதிந்து ஒப்பிடுவதும், அந்த உடன்பாட்டைத் தற்செயலுக்குக் கழிவு கொடுத்துக் கணக்கிடும் கோஹனின் கப்பா அளவும் எதற்காக என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

மறுமொழி (முன்னாள் பயிற்சி மாணவர்):
வேலையின் மதிப்பில் ஐயமில்லை. ஆனால் உங்கள் அச்சத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் பயிற்சி பெற்ற இடத்தில் முதல் நாளே குழந்தைகள் கொல்லப்பட்ட வழக்குகளைப் புகைப்படங்களுடன் கொடுத்துவிட்டார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு மாதத்துக்குமேல் தூக்கம் கெட்டது. பிறர் பட்ட துன்பத்தைத் தொடர்ந்து படிப்பவருக்கும் பாதிப்பு வரும் என்பது உளவியலில் நிலைபெற்ற செய்தி. ஆகவே சேர்வதற்கு முன்பே கேளுங்கள்: படங்களைத் தவிர்க்க முடியுமா, கடினமான கோப்புகளுக்கிடையே வேறு வேலை தருவார்களா, வாரம் ஒருமுறை வழிகாட்டியுடன் பேச நேரம் உண்டா? இதற்கு முகம் சுளிக்கும் இடத்தில் சேர வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

மறுமொழி (விரிவுரையாளர்):
மேற்சொன்ன இரண்டும் சரியே. சேர்வதற்கு முன், ஐக்கிய நாடுகள் அவை 2015இல் ஏற்ற குற்றப் புள்ளிவிவர வகைப்பாட்டைப் படித்துவிடுங்கள். மரணத்தையோ கடுங்காயத்தையோ விளைவிக்கும் நோக்கத்துடன் சட்டவிரோதமாக ஏற்படுத்தப்படும் மரணமே அதில் கொலை எனப்படுகிறது. 'கடுங்காயம்' என்ற அந்த ஒரு சொல்லால் எத்தனை கோப்புகள் கணக்கின் உள்ளே வருகின்றன என்பதை வேலையில் காண்பீர்கள். காவல்துறைக் கோப்பு முழு உண்மையன்று என்பதும் நினைவிருக்கட்டும். வன்முறையில் காயப்பட்டு மருத்துவமனைக்கு வருபவர்களில் பலர் காவல்துறைப் பதிவுகளில் இல்லை என்பதை வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் ஜொனாதன் ஷெப்பர்ட் என்ற அறுவை மருத்துவர் எடுத்துக்காட்டினார். பெயர்களை மறைக்கும் முறையையும், கோப்புகளை வெளியே கொண்டுசெல்லக் கூடாது என்ற விதியையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. குழுத் தலைவருக்கு எழுதிக் கேட்டேன். படங்கள் தனி உறையில் இருக்கும் என்றும், முதல் வாரம் முழுவதும் ஏற்கெனவே பதியப்பட்ட இருபது கோப்புகளை நானும் பதிந்து ஒப்பிட வேண்டும் என்றும், வெள்ளிக்கிழமைதோறும் அவருடன் அமர்ந்து பேசலாம் என்றும் பதில் வந்தது. திங்கட்கிழமை சேர்கிறேன்.