ஸ்கேனில் ஒன்றுமில்லை, ஆனால் சிறுநீரில் ரத்தம்

திருமங்கலத்திலிருந்து கேள்வி:
அப்பாவுக்கு 62 வயது, பீடிப் பழக்கம் உண்டு. வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போய், அப்புறம் தானாக நின்றுவிட்டது. அல்ட்ராசவுண்டில் ஒன்றுமில்லை. டாக்டர் சிடி யூரோகிராம் எடுக்கச் சொல்கிறார். அவசியமா?

மேலூர்:
அவசியம்தாங்க, தள்ளிப்போடாதீர்கள். சின்னக் கட்டிகளும் சிறுநீர்க்குழாய்க்குள் இருப்பவையும் அல்ட்ராசவுண்டில் தப்பிவிடலாம். யூரோகிராமில் நரம்பில் மருந்து ஏற்றி, அது சிறுநீரகத்திலிருந்து இறங்கும்போதும் படம் எடுப்பதால் குழாய் முழுக்கத் தெரியும். ரத்தம் நின்றுவிட்டதே என்று விடவே கூடாது, புற்றுநோயிலும் இப்படி விட்டுவிட்டு வரும்.

மதுரை அண்ணாநகர்:
முதலில் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பாருங்கள். அலர்ஜியோ, சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையோ இருந்தால் சொல்லிவிடுங்கள். செலவுதான் கவலை என்றால் அரசு ராஜாஜி மருத்துவமனை யூராலஜியில் (சிறுநீர்ப் பாதை நோய்ப் பிரிவு) காட்டலாம்.

உசிலம்பட்டி:
சிடி நார்மல் என்று வந்தாலும் சிஸ்டோஸ்கோப்பியை விடாதீர்கள். சிறுநீர்ப்பையின் உட்சுவரில் தட்டையாகப் படரும் புற்று படத்தில் தெரியாமல் போகலாம், இப்படிச் சிறுநீர் வரும் வழியாகக் கேமரா விட்டுத்தான் பார்க்க வேண்டும்.