அப்பாவுக்கு மார்பின் (morphine) வலி மாத்திரை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 71 வயது. புற்றுநோய் எலும்புக்கும் பரவிவிட்டது. டிரமடாலுக்கு வலி கேட்கவில்லை என்று டாக்டர் மார்பின் 10 மி.கி. எழுதினார், நாலு மணி நேரத்துக்கு ஒன்று. இரண்டு மாதம் கழித்து, போன வாரம்தான் அப்பா காலை நீட்டிப் படுத்துத் தூங்கினார். வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

முதல் மூன்று நாள் குமட்டல், அரைத்தூக்கம். அது குறைந்துவிட்டது. மலச்சிக்கல்தான் பாடாய்ப் படுத்துகிறது. மாத்திரை சாப்பிடும்வரை இது இருக்கும், பேதி மருந்தை விடாமல் கொடுங்கள் என்றார் நர்ஸ். லாக்டுலோஸ் கொடுத்தும் நாலு நாளாகப் போகவில்லை. நாளை டாக்டரிடம் போகிறோம். உங்கள் வீட்டில் இதற்கு என்ன மருந்து கொடுத்தார்கள்?

இன்னொன்று. ஊரிலிருந்து வந்த அத்தை, "அண்ணனுக்குப் போதை மருந்தையாடா கொடுக்குற?" என்று அவர் காதுபடவே கேட்டுவிட்டார். மறுநாள் தலையணை உறைக்குள் இரண்டு மாத்திரை கிடந்தது. வலிக்காக டாக்டர் சொன்ன அளவில் கொடுப்பது வேறு, போதைக்கு அடிமையாவது வேறு என்று டாக்டரே சொல்லியும் அப்பாவுக்கு மனசு ஆறவில்லை. இதைக் கடந்து வந்தவர்கள் எப்படிப் புரியவைத்தீர்கள்?

2014-இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்திய பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் மார்பின் இருப்பு வைப்பது சுலபமாகிவிட்டதாம். ஆனாலும் நாங்கள் தென்காசியிலிருந்து மதுரைக்குத்தான் போகிறோம். பக்கத்தில் எங்கே கிடைக்கும்? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். பத்து நாளைக்குத்தான் மாத்திரை இருக்கிறது.