நாடக வகுப்பில் கையால் செய்த முகமூடிகள்

கேள்வி: பாம்பன் அருகே எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாடகம் கற்பிக்கிறேன். செய்தித்தாளும் மைதாப் பசையும் கொண்டு செய்த முகமூடிகள் கடற்காற்றின் ஈரத்தில் தளர்ந்துவிட்டன. அணிந்த பிள்ளைகளும் அசையாமல் நிற்கிறார்கள். வழி கூறுங்கள்.

மறுமொழி 1: ஐயா, களிமண் அச்சின் மேல் ஓர் அடுக்கு முழுவதும் உலர்ந்த பின்னரே அடுத்ததை ஒட்டுங்கள், இடையில் பழைய வேட்டித் துணி ஒன்றைச் சேர்த்து, வெளிப்புறம் வார்னிஷ் பூசினால் ஈரம் எளிதில் ஏறாது.

மறுமொழி 2: அசைவுதான் முக்கியம். 1956இல் பாரிஸில் நாடகப் பள்ளி தொடங்கிய ழாக் லெகோக், உணர்ச்சி எதுவும் காட்டாத முகமூடியிலிருந்து பயிற்சியைத் தொடங்கினார். முகம் மறைந்ததும் உடலே பேசியாக வேண்டும் என்பதே காரணம். எங்கள் தொண்டி வகுப்பில் கரைவலை இழுக்கச் சொன்னேன். கூச்சத்தால் வாயே திறக்காத ஒரு மாணவி, குதிகாலை மணலில் ஊன்றி, முதுகைப் பின்னுக்குச் சாய்த்து இழுத்தபோது, இல்லாத கயிற்றின் கனம் எங்களுக்குத் தெரிந்தது. கண்ணை மட்டும் திருப்பினால் பார்வையாளருக்குப் புலப்படாது. கழுத்தும் மார்பும் சேர்ந்து திரும்ப வேண்டும்.

மறுமொழி 3: வசனம் தேவையென்றால் மேலுதடு வரை மறைக்கும் அரைமுகமூடி செய்யுங்கள், ஐயா. முழு முகமூடிக்குள் குரல் அடங்கிவிடும்.